39 என்றது ரிப்போர்ட், பத்துக்கும் கீழே என்றார் டாக்டர்

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றி, சிறுநீர் அநேகமாக நின்றே போனது. கிரியாட்டினின் முதல் நாள் 1.0, மறுநாள் 1.9, மூன்றாம் நாள் 3.2. மறுநாள் ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) 39 என்றிருந்தது. டாக்டரோ, "பத்துக்கும் கீழே என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி மருந்தின் அளவைக் குறைத்தார். யார் சொன்னது சரி? இப்போது சிறுநீர் நன்றாகப் போகிறது. 4.1 வரை ஏறிய கிரியாட்டினின் 3.0-க்கு இறங்கியிருக்கிறது. ஆனால் ரிப்போர்ட் 23 என்கிறதே?

பதில்: டாக்டர் சொன்னதுதான் சரி. லேபும் கணக்கில் பிழை செய்யவில்லை. போடக்கூடாத இடத்தில் போட்ட கணக்கு அது.

கிரியாட்டினின் தசைகள் தினமும் போடும் குப்பை. அதை அள்ளுபவர் சிறுநீரகம். குப்பை அள்ளுபவர் வராத முதல் நாள் காலையில் தொட்டி கொஞ்சம்தான் உயர்ந்திருக்கும். அந்த உயரத்தை வைத்து 'ஏதோ பாதி வேலை நடக்கிறது' என்று கணித்தால் எப்படி? கிரியாட்டினினை வைத்துச் சிறுநீரகத்தின் வேலையைக் கணிக்கும் சூத்திரங்கள், 1976-இன் காக்கிராஃப்ட்-கால்ட் ஆனாலும், 2021-இல் திருத்திய சி.கே.டி.-எபி ஆனாலும், கிரியாட்டினின் ஒரே நிலையில் நிற்கிறது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. சிறுநீரகம் அடியோடு நின்றாலும் கிரியாட்டினின் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 வரைதான் ஏறும். அப்பாவுக்கு ஏறிய வேகத்தைப் பாருங்கள்; 39 எங்கே, நிஜம் எங்கே! போதாக்குறைக்கு, ஏற்றிய சலைன் இரத்தத்தை நீர்க்கச் செய்து எண்ணை இன்னும் அழகாக்கிக் காட்டும்.

பயிற்சிக் காலத்தில் இப்படியொரு நோயாளிக்கு நான் சூத்திரம் போட்டு ஜென்டாமைசின் (சிறுநீரகம் வழியே வெளியேறும் ஆன்டிபயாடிக்) அளவை எழுதினேன். மூத்த மருத்துவர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "கட்டிலில் தொங்கும் சிறுநீர் சேரும் பையைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். ஆறு மணி நேரத்தில் 40 மில்லி! உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்ற எல்லைக்கு வெகு கீழே.

இடைவெளி விட்டு எடுத்த இரண்டு கிரியாட்டினின்களை வைத்து, மாறும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரங்கள் உண்டு. சாதாரணச் சூத்திரத்தைவிட ஓரளவு மேல் என்றாலும், அவையும் தோராயம்தான்.

இப்போது நிலைமை தலைகீழ். குப்பை அள்ளும் ஆள் வேலைக்குத் திரும்பிவிட்டார், பழைய குவியல்தான் பாக்கி. எனவே உண்மையான அளவு 23-ஐவிடக் கூடுதலாகவே இருக்கும். கிரியாட்டினின் சில நாட்கள் ஒரே எண்ணில் நிற்கட்டும், அன்று சூத்திரத்தைப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து சிறுநீரில் புரதத்தையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். அதுவரை வலி மாத்திரைகளை அப்பாவின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.