பதில்: குழாய் நீளம் 0.002 என்று காட்டுவது ஏன்?

வணக்கம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்த குடிநீர்க் குழாயின் நீளம் 0.002 என்று வருகிறது, ஒரு வால்வை மூடினால் எந்தெந்த வீடுகளுக்குத் தண்ணீர் தடைபடும் என்பதும் பிடிபடவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

முதலாவது எளிது. உங்கள் அடுக்கு, அதாவது குழாய்க் கோடுகள் உள்ள தரவு, இடங்களை அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளில் குறிக்கும் டபிள்யூஜிஎஸ் 84 முறையில் இருக்கிறது. அந்த எண் மீட்டர் அல்ல, பாகை. அடுக்கை, மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் உங்கள் பகுதிக்குரிய மண்டலத்துக்கு மாற்றிச் சேமித்து, மறுபடி கணக்கிடுங்கள்.

இரண்டாவதுதான் வேலை வாங்கும். தொட்டுக்கொண்டிருப்பதாகத் தெரியும் இரண்டு கோடுகளை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் அரை மீட்டர் இடைவெளி இருந்தாலும் மென்பொருளுக்கு அது அறுந்த குழாய்தான். அருகிலுள்ள முனையில் தானாகப் பொருந்தச் செய்யும் ஸ்னாப்பிங் வசதியை இயக்கி முனைகளை ஒட்டவையுங்கள். ஒவ்வொரு வால்விலும், கிளை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் கோட்டை வெட்டுங்கள். வெட்டாவிட்டால் வால்வு என்பது கோட்டின்மேல் கிடக்கும் வெறும் புள்ளி.

கைபேசி ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே சில மீட்டர் தவறும். வால்வு தெருவின் எதிர்ப்பக்கம் போய் விழலாம். சுவர் மூலையிலிருந்து நாடா பிடித்து அளந்த தூரத்தையும் பதியுங்கள். உயரத்துக்குக் கைபேசி ஜிபிஎஸ்ஸை நம்பவே வேண்டாம். 10 மீட்டர் உயர வேறுபாடு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். அந்த உயரப் பிழையோடு, குழாய்களில் நீரோட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் இபாநெட் மென்பொருளில் கணக்கிட்டால், மேட்டு வீடுகளுக்கு ஏறாத தண்ணீர் ஏறுவதாகக் காட்டிவிடும்.

இன்னொன்று, தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்: தினமும் தண்ணீர் திறந்துவிடுபவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மண்ணுக்குள் புதைந்துபோன வால்வுகள் அவர் நினைவில்தான் இருக்கின்றன. நேரில் பார்த்ததா, அவர் சொன்னதா என்று ஒவ்வொரு குழாய்க்கும் அடுக்கின் அட்டவணையில் தனிப் புலத்தில் (நெடுவரிசையில்) குறித்துவையுங்கள்.