பேனா பிடித்தாலே கை நடுங்குகிறது: இது வெறும் கூச்சமா?

கேள்வி: எனக்கு வயது 26. கோவையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தனியாக இருந்தால் எல்லா வேலையும் ஓடும். யாராவது பார்த்தால் போதும், கை நடுங்கும், சட்டை நனையும். பேங்க் கவுன்டரில் கையெழுத்துப் போட முடிவதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டேன். எட்டாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான். ‘கூச்ச சுபாவம், தானாகச் சரியாகிவிடும்’ என்கிறார்கள் வீட்டில். தையில் தங்கைக்குத் திருமணம், அண்ணனாக நான்தான் முன்னால் நிற்க வேண்டும். நண்பன் ப்ரோப்ரனலால் மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்கிறான். போடலாமா?

பதில்: முதலில் கூச்சத்தைப் பற்றி. கூச்ச சுபாவம் உள்ளவர் கல்யாண வீட்டுக்குப் போவார், ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். நீங்கள் போவதையே விட்டுவிட்டீர்கள். பயத்தால் வாழ்க்கை சுருங்குவது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் 1980இலேயே இது சோஷியல் ஃபோபியா என்ற பெயரில் இடம்பெற்றுவிட்டது. பெரும்பாலும் பதின்வயதின் தொடக்கத்தில்தான் தலைகாட்டும். உங்கள் எட்டாம் வகுப்புக் கணக்கும் அதோடு ஒத்துப்போகிறது.

ஆனாலும் கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். நேரில் பார்க்கும் மருத்துவர் அதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதக்கூடும்.

சரி, இத்தனை வருடமாகியும் இது ஏன் தானாக ஆறவில்லை? வீட்டில் யாரும் கேட்காத கேள்வி இது. நடுக்கம் தெரியக் கூடாது என்று நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். டம்ளரை இறுக்கிப் பிடிப்பீர்கள். இறுக்க இறுக்க நடுக்கம் கூடும். பேசப்போகும் வாக்கியத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பீர்கள். அதற்குள் எதிரே இருப்பவர் சொன்னது காதில் விழாது. யாரும் பேசிவிடக் கூடாதென்று போனில் தலையைப் புதைத்துக்கொள்வீர்கள். பார்ப்பவர்களுக்கு அது திமிராகத் தெரியும், அவர்களும் விலகிப் போவார்கள். ஒருவழியாகச் சமாளித்து வீடு திரும்பினாலும், ‘நல்லவேளை, இறுக்கிப் பிடித்ததால் தப்பித்தேன்’ என்றுதான் மனம் கணக்கு எழுதும். இறுக்காமல் விட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பதை அது கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. ராத்திரி படுத்தபின் நடக்கும் போஸ்ட்மார்ட்டம் வேறு: ‘அவர் ஏன் அப்படிச் சிரித்தார்?’

காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி என்ற பேச்சுவழிச் சிகிச்சை கைவைப்பது இந்த இடத்தில்தான். ‘தைரியமாக இரு’ என்ற புத்திமதி அதில் கிடையாது. கிட்டத்தட்ட சோதனைச்சாலை வேலை. நீங்கள் பேசுவதை வீடியோ எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். உள்ளுக்குள் பூகம்பமாக உணர்ந்தது, வெளியே லேசான அசைவாகத்தான் பதிவாகியிருக்கும். பெரும்பாலானோர் அசந்துபோகும் கட்டம் அது. அப்புறம் வேண்டுமென்றே கையை நடுங்கவிட்டு டீக்கடையில் கிளாஸை வாங்கச் சொல்வார்கள், எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று எண்ணச் சொல்வார்கள். சுலபமானதில் தொடங்கிப் படிப்படியாகப் பேங்க் கவுன்டர் வரை போகலாம். வாரம் ஒருமுறை, சுமார் 14 அமர்வுகள், ஏறக்குறைய நான்கு மாதம்.

மாத்திரையும் பலன் தரும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பாரோக்செடின் போன்றவை வழக்கமாகத் தரப்படுபவை. போட்ட அன்றே வேலை செய்யாது. சில வாரம் பிடிக்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். தொடக்கத்தில் குமட்டலும் ஒரு தவிப்பும் வரலாம். தாம்பத்திய ஆர்வம் குறைவதும் உண்டு. வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்றுவழி இருக்கிறது. குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். நிறுத்துவதும் மருத்துவர் சொல்லும் வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஆயுள் முழுக்கப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இப்போது நண்பர் சொன்ன ப்ரோப்ரனலால். அது ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் மருந்து. அட்ரினலின் செய்யும் வேலையைத் தடுப்பதால் படபடப்பும் நடுக்கமும் அடங்கும், பயம் அப்படியே இருக்கும். மேடைப் பேச்சு மட்டுமே பயம் என்பவர்களுக்கு எப்போதாவது தருவோம். உங்கள் பயம் பேங்க், பந்தி, ஆபீஸ் என்று பரவியிருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் தொடவே கூடாது, நாடித்துடிப்பு குறைவாக இருப்பவர்களுக்கும் ஆபத்து. கடையில் நீங்களாக வாங்காதீர்கள். பதற்றத்தைத் தணிக்கும் ஆல்ப்ரஸோலம் மாத்திரை அதைவிட மோசம், பழகிவிட்டால் விடாது. ‘ரெண்டு பெக்’ யோசனை சொல்லும் நண்பர்களும் இருப்பார்கள். இந்தப் பயத்தோடு ஆரம்பித்துக் குடிநோயில் முடிந்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போகவே கூச்சமென்றால் (இந்த நோய்க்கு அதுவும் சகஜம்) அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம், ஆபீஸுக்குத் தெரியவராது.

இப்போது புரட்டாசி. தைக்கு நான்கு மாதம் இருக்கிறது. முதல் அமர்விலேயே திருமணத் தேதியைச் சொல்லிவிடுங்கள், பயிற்சிகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.