புருலியாவில் கொட்டிய துப்பாக்கிகள்: கேள்வி பதில்

விமானக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். 1995இல் வெளிநாட்டு விமானம் ஒன்று மேற்கு வங்கத்தின் புருலியாவில் ஆயுதப் பெட்டிகளைக் கொட்டிவிட்டுப் போன விவகாரம் பற்றி நம்மூர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணே, ராடார் கண்ணில் படாமல் எப்படி உள்ளே வந்தார்கள்? (கோட்டையூர்)

ஒளிந்து வரவில்லை தம்பி, அதுதான் வேதனை. அது ஒரு ஆண்டனோவ்-26 சரக்கு விமானம். பல்கேரியாவில் ஆயுதம் ஏற்றி, கராச்சி வழியாக வந்து, வாரணாசியில் எரிபொருள் நிரப்பி, முறைப்படி கல்கத்தாவுக்குக் கிளம்பியது. டிசம்பர் 17 இரவு, போகிற வழியில் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் பாராசூட் கட்டிய பெட்டிகளைத் தள்ளிவிட்டது. அப்புறம் கல்கத்தாவில் இறங்கி மறுபடி எரிபொருள் போட்டுக்கொண்டு தாய்லாந்தின் புக்கெட்டுக்குப் போய்விட்டது. விடிந்ததும் வயலில் கிடந்த ஏகே-47களைப் பார்த்தவர்கள் ஊர் மக்கள்தான்.

அரசுக்கு முன்பே தெரியும் என்கிறார்களே? (தேவகோட்டை)

தெரியும். விமானத்தில் இருந்த பிரிட்டிஷ் ஆயுத வியாபாரி பீட்டர் பிளீச் தன் நாட்டு அதிகாரிகளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். லண்டனிலிருந்து டெல்லிக்குத் தகவல் வந்தது. டெல்லியிலிருந்து மேற்கு வங்க அரசுக்கு அது போனது பதிவுத் தபாலில்! கடிதம் கைக்குக் கிடைப்பதற்குள் பெட்டிகள் விழுந்துவிட்டன. நாம் ராடாரைக் குறை சொல்கிறோம். ஒரு போன் செய்திருந்தால் போதும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சென்னையிலும் இறங்கியதாமே? (பள்ளத்தூர்)

ஆமாம் ஆச்சி. நாடே பரபரப்பாக இருந்த நேரத்தில், புக்கெட்டிலிருந்து திரும்பி வந்து சென்னையில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு மறுபடி கிளம்பியது. அதன் பிறகுதான் விமானப்படை அதைப் பம்பாயில் இறக்கியது. அங்கேயும் இந்தக் கடத்தலின் முக்கியப் புள்ளியான டென்மார்க்காரர் கிம் டேவி விமான நிலையத்திலிருந்தே நழுவிவிட்டார். பிளீச்சுக்கும் லாட்வியாவிலிருந்து வந்த விமானிக் குழுவினர் ஐவருக்கும் 2000இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. குழுவினர் அதே ஆண்டும், பிளீச் 2004இலும் விடுதலையானார்கள். டேவியை இந்தியாவுக்கு அனுப்ப டென்மார்க் நீதிமன்றம் 2011இல் மறுத்துவிட்டது.

போர் நடக்கும் நாடுகளுக்கும் இப்படித்தான் ஆயுதம் போகிறதா? (கானாடுகாத்தான்)

பெரும்பாலும் காகிதத்தில்தான் வித்தை. சோவியத் யூனியன் உடைந்ததும் சரக்கு விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. யாருக்கு விற்கிறோம் என்ற சான்றிதழ் ஒரு நாட்டின் பெயரில் இருக்கும், சரக்கு வேறெங்கோ இறங்கும். புருலியா ஆயுதங்களுக்குக் காட்டியது வங்கதேசத்தின் பெயர். 2009 டிசம்பரில் பாங்காக்கில் பிடிபட்ட இல்யூஷின்-76 சரக்கு விமானத்தில், வடகொரியாவில் ஏற்றிய சுமார் 35 டன் ஆயுதங்கள் இருந்தன. எண்ணெய் எடுக்கும் கருவிகள் என்று எழுதியிருந்தார்கள்.

நம் செட்டிநாட்டுப் பழைய ரன்வே திறந்தால் பயமா? (காரைக்குடி)

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்டது அது. தாராளமாகத் திறக்கட்டும், நமக்கும் வசதி. ஆனால் சரக்கு விமானம் இறங்கினால் தாளை மட்டும் பார்க்காமல் பெட்டியைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும். இரவுக் காவலும், மதுரைக்கும் சென்னைக்கும் நேரடித் தொலைபேசியும் வேண்டும். ரன்வேயைத் திறக்கச் சொல்லி மனு கொடுப்பவர்கள் இதையும் சேர்த்து எழுதுங்கள்.