ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் கடவுள் மறுப்பாளரா?

‘புனித வில்லியின் பிரார்த்தனை’ கவிதையை (1785) மட்டும் படித்தால் அப்படித் தோன்றலாம். அதில் பேசுவது பர்ன்ஸ் அல்ல. மாக்லின் ஊர்த் திருச்சபை மூப்பர் வில்லியம் ஃபிஷரை மனத்தில் வைத்து அவர் படைத்த பாத்திரம். அந்தக் குரலைக் கவிஞரின் வாக்குமூலமாகக் கொள்வதுதான் பலரும் சறுக்கும் இடம்.

ஒருவரைச் சொர்க்கத்துக்கும் பத்துப் பேரை நரகத்துக்கும் கடவுள் தம் மகிமைக்காகவே அனுப்புகிறார் என்று வில்லி போற்றுகிறான். தன் காமத்தையும் குடியையும் ஒப்புக்கொண்ட அதே வாயால், பர்ன்ஸின் நண்பர் கேவின் ஹாமில்டனைச் சபிக்கும்படி வேண்டுகிறான். முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மீட்பு உறுதி என்ற கால்வினியக் (சமயச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் வழிவந்த) கோட்பாடு வளர்த்த ஆணவத்துக்குத்தான் அடி, இறைநம்பிக்கைக்கு அல்ல.

பர்ன்ஸின் முதல் கவிதைத் தொகுப்பான 1786 கில்மார்னாக் பதிப்பில் இந்தப் பிரார்த்தனைக் கவிதை இல்லை. அதிலுள்ள ‘குடிசைவாசியின் சனிக்கிழமை இரவு’ கவிதையையும் அவசியம் படியுங்கள்: ஏழைத் தந்தை வீட்டில் பைபிள் வாசிக்கிறார், அந்த வழிபாட்டின் முன் சடங்கு ஆடம்பரம் அற்பம் என்கிறார் பர்ன்ஸ்.