வாஹாவ் பள்ளத்தாக்கு: மெல்க்கில் படகேறுங்கள்

கேள்வி: எங்கள் மகன் வியன்னாவில் மேற்படிப்பு படிக்கிறான். செப்டம்பர் கடைசியில் நானும் கணவரும் எழுபது வயதான மாமியாரும் அவனைப் பார்க்கப் போகிறோம். டான்யூப் கரையில் உள்ள வாஹாவ் பள்ளத்தாக்குக்குக் காலையில் போய் இரவே திரும்பிவிடலாம் என்கிறான். ஒயினைத் தவிர அங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது? கணவர் எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பார். நானும் மாமியாரும் தொடமாட்டோம். முட்டை சேராத சைவச் சாப்பாடு கிடைக்குமா? மாமியாருக்கு முழங்கால் வலி வேறு. வாடகைக் காரா, ரயிலா, படகா?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் நதி ஓடும் திசையிலேயே நீங்களும் போக வேண்டும். வியன்னாவிலிருந்து போகிறவர்களில் பலர் முதலில் கிரெம்ஸ் நகரத்துக்குப் போய் அங்கே படகேறிவிட்டு, பாதி நாள் இருக்கையிலேயே கழிந்துவிட்டதே என்று நொந்துகொள்கிறார்கள்.

மேற்கே மெல்க் ஊருக்கும் கிழக்கே கிரெம்ஸுக்கும் நடுவில் டான்யூப் மலைகளை அறுத்துக்கொண்டு செல்லும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்குதான் வாஹாவ். நதி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. மெல்க்கில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் கிரெம்ஸ் வந்துவிடும். அதே படகு எதிர்த்திசையில் போக மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆஸ்திரியாவுக்குள் டான்யூப் பெரும்பாலும் மின்நிலைய அணைகளால் தடுக்கப்பட்டு, ஏரிபோல் மெதுவாகத்தான் நகர்கிறது. வாஹாவிலும் வியன்னாவுக்குக் கிழக்கேயும் மட்டுமே அது கட்டற்று ஓடுகிறது. வாஹாவிலும் ஓர் அணை திட்டமிடப்பட்டது. 1970களில் தொடங்கிய உள்ளூர் மக்களின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. அணை வந்திருந்தால் இந்தப் பள்ளத்தாக்கு 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றிருக்குமா என்பது சந்தேகமே.

ஆகவே காலையில் வியன்னாவிலிருந்து ரயிலில் மெல்க் போய்விடுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். சில ரயில்களுக்கு சாங்க்ட் பொல்டனில் மாற வேண்டியிருக்கும். திரும்பும்போது கிரெம்ஸிலிருந்து வரும் ரயிலும் ஏறக்குறைய அதே நேரம்தான் எடுக்கும், ஆனால் அது வியன்னாவின் ஃப்ரான்ஸ் யோசஃப் நிலையத்துக்கு வந்து சேரும். போன நிலையத்திலேயே வந்து இறங்குவோம் என்று எண்ணிவிடாதீர்கள். ரயில், மடாலய நுழைவு, படகு மூன்றுக்கும் சேர்த்து ஆஸ்திரிய ரயில்வே ஒரு கூட்டுச் சீட்டு விற்பதுண்டு. தனித்தனியாக வாங்குவதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கார் வேண்டாம். பள்ளத்தாக்கின் இரு முனைகளுக்கும் நடுவே நதியின் மேல் ஒரு பாலம்கூடக் கிடையாது. அக்கரைக்குப் போகத் தோன்றினால் படகுத் துறையில் வரிசையில் நிற்க வேண்டும். ஓட்டுநரின் இரத்தத்தில் ஆல்கஹால் ஆயிரத்துக்கு 0.5 பங்கை எட்டினாலே அங்கே குற்றம், புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு வரம்பு இன்னும் கடுமை. ஒரு கோப்பையை ருசி பார்க்கத்தான் உங்கள் கணவர் அங்கே வருகிறார். அவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுப்பானேன்? வடகரை ஊர்கள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு 715ஆம் எண் பஸ் மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையே ஓடுகிறது. அது போதும்.

மெல்க்கில் பார்க்க வேண்டியது பெனடிக்டைன் மடாலயம். 1089 முதல் துறவிகள் அங்கே வாழ்ந்துவருகிறார்கள். இப்போது பாறை மேல் மஞ்சள் நிறத்தில் நீண்டு கிடக்கும் பரோக் கட்டடம் 1702இல் யாக்கோப் பிராண்ட்டவர் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கியது. நூலகத்தையும் பளிங்கு மண்டபத்தையும் அவசரப்படாமல் பாருங்கள். இரண்டின் விதானத்திலும் பவுல் டிரோகர் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. ஊருக்குள்ளிருந்து மேலே ஏறும் வழி செங்குத்தானது. மாமியாரை ரயில் நிலையத்திலிருந்தே டாக்ஸியில் மேல் வாகன நிறுத்தம் வரை அழைத்துப் போய்விடுங்கள், அங்கிருந்து வாயிலுக்குப் படி அதிகமில்லை. பார்த்து முடித்ததும் படகுத் துறைக்கும் டாக்ஸியே நல்லது. ஊரிலிருந்து துறைக்கு நடந்தால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

படகில் மேல் தளத்தில் உட்காருங்கள். முதல் அரை மணி நேரம் வலப்பக்கம்தான் கண்ணுக்கு விருந்து. ஷோன்பியூஹெல் கோட்டை நீரோரப் பாறையில் நிற்கும், அடுத்து உச்சியில் ஆக்ஸ்டைன் கோட்டையின் இடிபாடு தெரியும். அதற்குப் பிறகு இடப்பக்கம் மாறிவிடுங்கள். முதலில் வில்லன்டார்ஃப் வரும். 1908இல் ரயில் பாதை வேலையையொட்டி நடந்த அகழாய்வில் 11 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் சிலை அங்கே கிடைத்தது. வயது ஏறத்தாழ 30,000 ஆண்டுகள். அசல் வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பதால் அதற்காக இறங்க வேண்டியதில்லை. அடுத்து ஸ்பிட்ஸ் ஊர், பிறகு கூரை முகட்டில் வரிசையாக மண் பொம்மைகள் நிற்கும் சாங்க்ட் மிகாயேல் தேவாலயம். ஒரு காலத்தில் பனி கூரை மட்டத்துக்குக் கொட்டியது, முயல்கள் அதன் மேலேயே ஓடின, அந்த முயல்கள்தாம் இவை என்பது உள்ளூர்க் கதை.

ஒயின் குடிக்காதவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, இடப்பக்கச் சரிவைப் பாருங்கள். சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள், சுவருக்குச் சுவர் ஒடுங்கிய படிகள், ஒவ்வொன்றிலும் சில வரிசைத் திராட்சை. மண்வளம் குறைந்த பாறைச் சரிவில் நூற்றாண்டுகளாக மனிதக் கைகள் கட்டிய விளைநிலம் இது. பல படிகளுக்கு இயந்திரம் ஏற வழியே கிடையாது, அறுவடை முழுவதும் கையால்தான். சாந்து இல்லாததால் மழைநீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடுகிறது, சுவர் சரிவதில்லை. பகலில் கல் உள்வாங்கிய வெப்பத்தை இரவில் கொடிகளுக்குத் திருப்பித் தருகிறது. இரவானால் வடக்கே காட்டு மேட்டிலிருந்து குளிர் காற்று இறங்கும். பழத்தில் இனிப்போடு புளிப்பும் நிற்பதற்கு இந்த வெப்பமும் குளிரும்தான் காரணம். நீங்கள் போகும் நேரத்தில் பழம் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கும். வேலி இல்லையே என்று பறித்துவிடாதீர்கள், அது ஒருவருடைய ஆண்டு வருமானம்.

டுர்ன்ஸ்டைனில் இறங்குங்கள். நீலமும் வெள்ளையுமான கோபுரம் நெருங்கும்போதே எல்லோரும் கைபேசியைத் தூக்குவார்கள், அதுதான் ஊர். சிலுவைப்போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192 டிசம்பரில் ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்ட் பிடித்து, ஊருக்கு மேலே உள்ள கோட்டையில்தான் அடைத்துவைத்தார். பிறகு பேரரசர் ஆறாம் ஹென்றியிடம் ஒப்படைக்கப்பட்ட ரிச்சர்ட், மலையளவு வெள்ளியை மீட்புத் தொகையாகக் கொடுத்த பிறகே விடுதலையானார். அந்த வெள்ளியில் லியோபோல்டுக்குக் கிடைத்த பங்கு வீனர் நொய்ஸ்டாட் என்ற புதிய நகரத்தை எழுப்பவும் உதவியது. கோட்டையை 1645இல் ஸ்வீடன் படை தகர்த்தது, இப்போது இடிபாடுதான். ஏற அரை மணி நேரம், கரடுமுரடான பாதை. நீங்களும் மகனும் ஏறிவிட்டு வாருங்கள், அதுவரை மாமியாரும் கணவரும் கீழே கடைத்தெருவில் உட்கார்ந்திருக்கலாம். நண்பகலில் அந்தக் குறுகிய தெரு பெருங்கப்பல் பயணிகளால் நெரியும். மாலை ஐந்துக்கு மேல்தான் ஊர் மூச்சுவிடும்.

அதனால்தான் மகன் சொல்கிற ஒருநாள் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. முழங்கால் வலியோடு ஒருவரை அழைத்துக்கொண்டு மடாலயம், படகு, கோட்டை, ரயில் என்று ஓடினால் மறுநாள் வியன்னாவில் யாரும் எழுந்திருக்க மாட்டீர்கள். பெட்டிகளை மகன் அறையிலேயே வைத்துவிட்டு ஒரு பையோடு கிளம்புங்கள். டுர்ன்ஸ்டைனில் மாலைவரை இருந்துவிட்டு, பஸ்ஸில் சில நிமிடங்களில் எட்டிவிடும் வைசன்கிர்ஹெனில் இரவு தங்குங்கள். அங்கே அறை வாடகை பொதுவாகக் குறைவு, திராட்சை விவசாயிகளே வீட்டோடு அறைகள் வைத்திருக்கிறார்கள். மாலையில் பஸ்கள் குறைந்துவிடும் என்பதால் கடைசி பஸ்ஸின் நேரத்தை முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஸ்பிட்ஸ் போய் அக்கரை ஆர்ன்ஸ்டார்ஃபுக்குப் படகில் கடந்து திரும்புங்கள். சில நிமிடப் பயணம், ஆனால் எனக்கு இந்தப் பள்ளத்தாக்கிலேயே மிகப் பிடித்தது இதுதான். படகில் அதைச் செலுத்தும் இயந்திரம் இல்லை. நதிக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பிவடம், அதில் கோத்த கயிற்றில் படகு. படகோட்டி சுக்கானைத் திருப்பிப் படகை நீரோட்டத்துக்குச் சாய்வாக நிறுத்துகிறார். நீர் பக்கவாட்டில் தள்ள, கயிறு கீழே போகவிடாமல் பிடிக்க, படகு குறுக்கே நகர்கிறது. கார்களையும் இப்படித்தான் ஏற்றிப் போகிறார்கள். பிறகு பஸ்ஸிலேயே கிரெம்ஸ் வந்து, பழைய நகரத்தில் சற்று நடந்துவிட்டு ரயில் பிடித்தால் சரியாக இருக்கும்.

இனி சாப்பாடு. ஹொய்ரிகர் எனப்படும் திராட்சைத் தோட்டக்காரர் உணவகங்களில்தான் மாலையைக் கழிக்க வேண்டும். சொந்த விளைச்சலை வீட்டிலேயே விற்கும் உரிமையை 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசஃப் கொடுத்தார், வழக்கம் அங்கிருந்து வருகிறது. ஆண்டு முழுவதும் திறந்திருக்க மாட்டார்கள், சில வாரங்கள் ஒருவர், அடுத்து இன்னொருவர். வாசலில் பச்சைக் கிளைக் கொத்தோ வைக்கோல் வளையமோ தொங்கினால் திறந்திருக்கிறது என்று பொருள். எந்த வீடு எந்தத் தேதியில் என்று தங்கும் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும்.

அங்கே சைவத்துக்கு வழி உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அசைவமும் உண்டு. உருளைக்கிழங்கு சாலட்டை மாட்டிறைச்சிச் சாற்றில் ஊறவைப்பது வழக்கம். சூப்புகளுக்கும் அதுவே அடிப்படை. ரொட்டியோடு வரும் வெள்ளைப் பசை பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். லிப்டவர் என்ற மிளகாய்த் தூள் சேர்த்த பாலாடைக்கட்டிப் பசை, பாலாடைக்கட்டித் தட்டு, வாஹாவ் லாபர்ல் என்ற மொறுமொறுப்பான உருண்டை ரொட்டி ஆகியவற்றைக் கேளுங்கள். இறைச்சிச் சாறு சேர்த்ததா என்று ஒவ்வொன்றுக்கும் மகனை ஜெர்மனில் கேட்கச் சொல்லுங்கள். மரில்லே என்று அவர்கள் அழைக்கும் ஆப்ரிகாட் இந்த ஊரின் இன்னொரு பெருமை, வாஹாவ் ஆப்ரிகாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. அறுவடை ஜூலையோடு முடிந்துவிடும் என்றாலும் ஜாம், பழச்சாறு எல்லாம் கிடைக்கும். முழுப் பழத்தை உள்ளே வைத்து வேகவைத்து வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டிய கொழுக்கட்டையும் உண்டு, ஆனால் மாவில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள். அதையும் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

மாமியாருக்கு ஓர் எச்சரிக்கை. செப்டம்பரில் எல்லா மேஜையிலும் கலங்கலான, இனிப்பான ஒரு பானம் இருக்கும், பெயர் ஷ்டுர்ம். பார்த்தால் பழச்சாறு, உண்மையில் பாதி நொதித்த திராட்சை ரசம், மது உண்டு. ட்ரௌபன்சாஃப்ட் என்று கேட்டால்தான் கலப்பில்லாத திராட்சைச் சாறு வரும்.

கணவருக்கு: வெள்ளை ஒயின்தான் இங்கே அரசன், க்ரூனர் வெல்ட்லினரும் ரீஸ்லிங்கும். முதலாவதில் மிளகு வாசம் தெரியும். 1983இல் தொடங்கிய வினேயா வாஹாவ் என்ற விவசாயிகள் சங்கம் மூன்று தரம் வைத்திருக்கிறது. ஸ்டைன்ஃபெடர் இலேசானது, ஆல்கஹால் 11.5 சதவீதத்துக்குள். ஃபெடர்ஷ்பீல் 12.5 வரை. அதற்கு மேல் ஸ்மராக்ட், சுவர்களில் வெயில் காயும் பச்சைப் பல்லியின் பெயர் அது. ஒரு கோப்பையோடு நிறுத்துபவருக்கு ஃபெடர்ஷ்பீல் பொருத்தம். ஆக்டெல் என்று கேட்டால் லிட்டரில் எட்டில் ஒரு பங்கு ஊற்றித் தருவார்கள்.

படகுகள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடும், எனவே உங்கள் தேதிக்குச் சிக்கல் இல்லை. ஆனால் செப்டம்பர் கடைசி அறுவடைக் காலம், வார இறுதியில் அறை கிடைப்பது கடினம். செவ்வாய், புதன் பார்த்து இப்போதே பதிவு செய்யுங்கள். டான்யூபில் வெள்ளம் வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், 2024 செப்டம்பரிலும் இந்தப் பகுதியில் பெருவெள்ளம் வந்தது. தொடர்ந்து மழை பெய்திருந்தால் கிளம்பும் முதல்நாள் படகு நிறுவனத்தின் அறிவிப்பைப் பாருங்கள். நிறுத்தியிருந்தால், சாலை திறந்திருக்கும் பட்சத்தில் மெல்க்கிலிருந்து 715ஆம் எண் பஸ்ஸில் ஏறி, வலப்பக்க ஜன்னலோரத்தில் மாமியாரை உட்கார வையுங்கள். நதி அந்தப் பக்கம்தான் வரும்.