வாக்கிங் ஐரிஸ்: சாய்ந்த தண்டில் கை வைக்காதீர்கள்

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மாடித் தொட்டியில் இருக்கும் வாக்கிங் ஐரிஸ் காலையில் பூத்தால் சாயங்காலமே சுருண்டுவிடுகிறது. பூத்து முடிந்த தண்டும் சாய்ந்து தரையில் கிடக்கிறது. நோயா? வெட்டிவிடலாமா?"

நோயெல்லாம் இல்லை, முதலில் கத்தரியைக் கீழே வையுங்கள். இந்தப் பூவுக்கு ஆயுசே ஒரு பகல்தான். வெளியே மூன்று வெள்ளை இதழ், அடியில் புலிவரி மாதிரி பழுப்புக் கோடுகள், நடுவில் நுனி சுருண்ட மூன்று சின்ன நீல இதழ் என்று இவ்வளவு வேலைப்பாட்டோடு விரிந்துவிட்டு அன்று மாலையே முறுக்கிக்கொள்ளும். போனால் போகட்டும், அதே தண்டில் சில நாள் கழித்து இன்னொரு மொட்டு வரும்.

தண்டு என்று சொன்னாலும் பார்க்க அது இலை மாதிரியே தட்டையாக இருப்பதால், காய்ந்த இலை என்று நினைத்து நறுக்கிவிடுகிறவர்கள் நிறைய. நானும் ஒரு தடவை நறுக்கியவன்தான். பூ வந்த இடத்தை உற்றுப் பாருங்கள், விசிறி மாதிரி இரண்டு மூன்று குட்டி இலைகள் தெரியும், அதுதான் புதுக் கன்று. அது பெரிதாகப் பெரிதாகத் தண்டு பாரம் தாங்காமல் வளைந்து மண்ணைத் தொடும், தொட்ட இடத்தில் வேர் விடும், அப்புறம் அங்கிருந்து அடுத்த கன்று. சொந்த ஊரான பிரேசிலில் இப்படித்தான் ஓரோர் எட்டாக நகர்கிறது, அதனால்தான் அந்தப் பெயரே.

ஆனால் உங்கள் மாடியில் அது விழுவது சிமெண்டுத் தரையில். அதனால் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி வையுங்கள், செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் கலந்தால் போதும். கன்றின் அடிப்பாகம் மண்ணில் படும்படி தண்டை ஒரு கொண்டை ஊசியால் குத்தி நிறுத்துங்கள், ஈரம் காயவிடாதீர்கள். மூன்று நான்கு வாரம் கழித்து மெதுவாக இழுத்துப் பார்த்து, பிடித்துக்கொண்டு வர மறுத்தால் தண்டை வெட்டிவிடலாம். அது வரைக்கும் தாய்ச்செடி சோறு போட்டுக்கொண்டிருக்கும்.

வெயில் விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். காலை வெயில் படலாம், சென்னையின் ஏப்ரல், மே மத்தியான வெயில் பட்டால் இலை வெளுத்துக் கருகும். அதற்காக இருட்டு மூலையில் தள்ளினால் இலை பச்சைப்பசேலென்று வளரும், பூ வராது. மழைக்காலத்தில் தொட்டித் துளை அடைத்து நீர் தேங்கினால் அடிக்கிழங்கு அழுகிவிடும், ஐப்பசிக்கு முன்பே துளையைக் குத்திப் பார்த்துவிடுங்கள்.

கன்று எப்போது பூக்கும் என்று அடுத்த கேள்வி வரும். ஒரு விசிறியில் 12 இலை சேர்ந்தால்தான் பூக்கும் என்று ஒரு நம்பிக்கை, ஏசுவின் 12 சீடர்களை வைத்து 'அப்போஸ்தலர் செடி' என்றே பெயர் இருக்கிறது. எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் விசிறி நன்றாக அகலமாகும் வரை பூவை எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று, நர்சரியில் இதே பெயரில் மஞ்சள் பூச் செடி கொடுத்தால் அது டிரிமேசியா, உங்களுடையது நியோமரிக்கா. ஒரே குடும்பம்தான், பராமரிப்பும் இதேதான், தாராளமாக வாங்கலாம்.