டை கட் பூ வாழ்த்து அட்டை: கேட்டதும் சொன்னதும்

கேள்வி (பாலக்கோடு): அக்கா, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளோட எடை 300 கிராம்) கலர் அட்டை, ஏ4 அளவு. நடுவுல மடிச்சா முதுகு வெடிச்சு வெள்ளையா தெரியுது. அதே தாளை ரெண்டா வெட்டி சின்ன அட்டை செஞ்சா வெடிக்கலை. ஏன்?

பதில்: பாதி பதிலை நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க. காகிதத்துல நார் ஒரே திசையில படுத்திருக்கும். கடையில கிடைக்கிற ஏ4 பெரும்பாலும் 297 மி.மீ. நீளவாக்குல நார் ஓடுற தாள். அதைக் குறுக்கே மடிக்கும்போது நாரை ஒடிக்கிறீங்க. ரெண்டா வெட்டி ஏ5 ஆக்கினா நார் 148 மி.மீ. பக்கமா வந்துடும். அதை ஏ6-ஆ மடிக்கும்போது மடிப்பு நாரோட போக்குலயே விழும், வெடிக்காது. சந்தேகமா இருந்தா தாளை மடிக்காம ரெண்டு வாக்குலயும் லேசா வளைச்சுப் பாருங்க. எந்த வாக்குல சுலபமா வளையுதோ, மடிப்புக் கோடு அந்த வாக்குல போகணும்.

பெரிய அட்டைதான் வேணும்னா முழு ஷீட் வாங்கி, நார் மடிப்போட ஓடுற மாதிரி வெட்டிக்குங்க. மடிக்கும் முன்னாடி மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் வச்சு ஒரு தடவை அழுத்தி இழுங்க. கோடு குழிஞ்ச பக்கம் அட்டைக்கு வெளியே, மேடு எழும்பின பக்கம் உள்ளே வரணும். நிறைய பேர் இதைத் தலைகீழா மடிக்கிறாங்க. நம்ம ஊர் சித்திரை வெயில்ல தாள் ஈரம் இழந்து மொறுமொறுன்னு ஆயிடும். மீதித் தாளை பிளாஸ்டிக் கவர்ல மூடி வைங்க.

கேள்வி (ஓசூர்): கையால சுத்துற டை கட்டிங் மெஷின் வச்சிருக்கேன். பூவோட ஒரு ஓரம் மட்டும் வெட்டாம நிக்குது. டை (பூ வடிவத்துல தாளை வெட்டுற உலோக அச்சு) மழுங்கிடுச்சா?

பதில்: டை மேல பழி போடாதீங்க, முதல்ல பிளேட்டை, அதான் டையையும் தாளையும் நடுவுல வச்சு ரோலர்ல விடுற பிளாஸ்டிக் தகட்டைப் பாருங்க. ஒரே பிளேட்டை ஒரே பக்கமா போட்டா வில்லு மாதிரி வளைஞ்சிடும், அழுத்தம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி விழாது. ஒவ்வொரு தடவையும் புரட்டிப் போடுங்க. அப்புறமும் நின்னா, வெட்டாத இடத்துக்கு நேரா மட்டும் சாதாரண 75 ஜிஎஸ்எம் தாள் துண்டு ஒண்ணு வைங்க. அதிகபட்சம் ரெண்டு. அதுக்கு மேல அடுக்கினா ரோலர் இறுகி கைப்பிடி சுத்தாது, பலமா சுத்தினா பல்சக்கரம் போயிடும். டையை நேரா வைக்காம கொஞ்சம் சாய்வா வைங்க. நீள விளிம்பு முழுசும் ஒரே நேரத்துல ரோலர்ல மாட்டாது. 'டிக் டிக்'னு சத்தம் வந்தா பயப்பட வேண்டாம்.

கேள்வி (சூளகிரி): சுருள் ரோஸ் டையில வெட்டி சுத்தினா ரோஸ் வரலை, வெங்காயம் மாதிரி வருது அக்கா.

பதில்: சிரிச்சுட்டேன், ஆனா காரணம் தெரியும். வெட்டின சுருள் பட்டைக்கு நடுவுல இருக்கிற வட்டத்துல இருந்து ஆரம்பிச்சிருப்பீங்க. வெளி நுனியிலதான் ஆரம்பிக்கணும். அந்த நுனிதான் பூவோட மொட்டு, நடு வட்டம் கடைசியில அடிப்பாகம் ஆகும்.

120 ஜிஎஸ்எம் தாள், ரெண்டு பக்கமும் நிறம் இருக்கணும். சுத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு இதழோட மேல் விளிம்பையும் ஊசி மேல வச்சு வெளிப்பக்கமா சுருட்டி விடுங்க. வெங்காயத்துக்கும் ரோஸுக்கும் வித்தியாசமே இந்தச் சுருள்தான். குவில்லிங் ஊசியில (தாள் சுருட்டுற, நுனியில பிளவு உள்ள ஊசி) நுனியைச் சொருகி முதல் மூணு சுத்து இறுக்கமா, அப்புறம் தளர்வா சுத்துங்க. அடிப்பக்கம் எல்லா சுத்தும் ஒரே மட்டத்துல நிக்கணும். முடிஞ்சதும் விரலை லேசா விடுங்க, பூ தானா விரியும். வேண்டிய அகலம் வந்ததும் நடு வட்டத்துல பசை வச்சு அடியில மடிச்சு ஒரு நிமிஷம் பிடிங்க. உங்க ஊர்த் தோட்டத்து தாஜ்மஹால் ரோஸ் மாதிரி வேணும்னா கருஞ்சிவப்புத் தாள் எடுத்து, விளிம்புல மட்டும் பஞ்சால கறுப்பு இங்க் தொட்டு விடுங்க.

கேள்வி (ராயக்கோட்டை): சாமந்தி செய்ய எத்தனை அடுக்கு?

பதில்: ஆறு. பெருசு, நடுத்தரம், சிறுசு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு. மேல் அடுக்கோட இதழ் கீழ் அடுக்கோட இடைவெளியில விழற மாதிரி அரை இதழ் திருப்பி ஒட்டுங்க. வெட்டின இதழைப் பழைய ரப்பர் செருப்பு மேல வச்சு, ஸ்பூன் காம்பால அடியில இருந்து நுனிக்கு இழுத்தா குழியும். 160 ஜிஎஸ்எம்முக்கு மேல தாள் குழியாது, கிழியும். சின்ன அடுக்கு உள்பக்கமா மூடி நிக்கட்டும், பெரிய அடுக்கு வெளிப்பக்கமா விரியட்டும். தோட்டத்துல ஒரு பூவைப் பிச்சுப் பார்த்தா புரியும்.

கேள்வி (அரூர்): ஃபெவிகால் வச்சா தாள் அலை அலையா சுருங்குது.

பதில்: அதுல தண்ணி இருக்கு. நார் ஊறி உப்பும், காயும்போது ஒரே மாதிரி சுருங்காது. பூவுக்குப் பல் குத்துற குச்சி நுனியில கடுகளவு, நடுவுல மட்டும். பின்னணித் தாளுக்குப் பசையே வேண்டாம், டபுள் சைட் டேப் போதும்.

கேள்வி (பென்னாகரம்): மெஷின் இல்ல. பஞ்ச் (அழுத்தினா பூ வடிவம் வெட்டுற சின்னக் கருவி) வச்சு செய்யலாமா?

பதில்: தாராளமா. பஞ்ச் மழுங்கினா அலுமினியம் ஃபாயிலை நாலா மடிச்சு அதால பத்துத் தடவை வெட்டுங்க.

கேள்வி (காவேரிப்பட்டினம்): தபால்ல அனுப்பினா பூ நசுங்குது, ஸ்டாம்பும் அதிகமா கேக்குறாங்க.

பதில்: கடிதத்துக்கு 20 கிராம் படியா கட்டணம் ஏறும். 250 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒண்ணே 15.6 கிராம், கவரும் பூவும் சேர்ந்தா அடுத்த படிக்குப் போயிடும். ஏ5 தாளை மடிச்ச ஏ6 அட்டைன்னா 7.8 கிராம்தான், பூவுக்கு இடம் மிச்சம். தபாலுக்குப் போற அட்டையில சுருள் ரோஸ் வேண்டாம். ரெண்டு அடுக்குப் பூவை 2 மி.மீ. ஃபோம் டேப்புல தூக்கி ஒட்டுங்க, அழுத்தினாலும் மீண்டு வரும். ரோஸ் வச்சதை நேர்ல கொடுக்க வச்சுக்குங்க.